கட்டுத்துணி ஊரின் ஒன்லைன்

"அண்ணாச்சி, பாம்புக்கடியைப் பத்தி ஒரு விழிப்புணர்வுக் குறும்படம் எடுக்கலாம்னு இருக்கேன்."

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வைத்துத்தான் அந்தத் தம்பி இதைச் சொன்னான். சத்திரப்பட்டிக்காரன். அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் வேலை. குறும்படப் போட்டி ஒன்றுக்குக் கதை கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒரு பக்கம், நேரில் ஐந்து நிமிடம். எப்போதோ இரண்டு மூன்று குறும்படம் எடுத்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தேடி வந்திருந்தான்.

"சரிப்பா. படத்துல என்ன நடக்குது?"

"வருஷத்துக்கு எத்தனை பேர் சாகுறாங்க, கடிச்சா என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது, எல்லாத்தையும் சொல்லிடுறோம்."

"அதை ஒரு நோட்டீஸ்ல அடிச்சுக் குடுத்துடலாமே. படத்துல என்ன நடக்குது?"

டீ ஆறும்வரை பதில் வரவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கதை சொல்ல வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இங்கேதான் நிற்கிறார்கள். "குடிக்கு எதிரா ஒரு படம்", "பிளாஸ்டிக்கைப் பத்தி ஒரு படம்", "பெண் கல்வி". இவையெல்லாம் தலைப்புகள். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்குப் போதும். கேமராவுக்கு முன்னால் ஓர் ஆள் வேண்டும், அவன் கையில் ஒரு வேலை வேண்டும், அது முடியுமா முடியாதா என்று பார்க்கிறவனுக்குப் பதைக்க வேண்டும். சினிமாக்காரர்கள் "ஒன்லைன் சொல்லு" என்று கேட்பது அந்த மூன்றையும்தான்.

மதுரையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த படம் ஒன்று உண்டு. பெயர் 'பீ'. துப்புரவுத் தொழிலாளர் நிலை என்பது தலைப்பு. படத்தில் நடப்பது வேறு: மாரியம்மாள் என்ற ஒரு பெண், மதுரையில் ஒரு கோயிலை ஒட்டிய ஒரு தெருவில், ஊர் கழித்துவிட்டுப் போன மலத்தை அள்ளுகிறார். ஒரு பெண், ஒரு தெரு, ஒரு வேலை. இருபத்தைந்து நிமிடம் கேமரா அவரை விட்டு நகர்வதில்லை. புள்ளிவிவரத்தை மறந்துவிடலாம். அந்தத் தெருவை மறக்க முடியாது. பின்னால் திவ்யபாரதி 2017-இல் 'கக்கூஸ்' எடுத்தபோது தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குப் போய்ப் பல பேரைப் பேசவைத்தார். அது வேறு வகை. அதன் கனம் எண்ணிக்கையிலிருந்து வந்தது, அதற்கு நீளமும் வேண்டியிருந்தது. பத்து நிமிடப் படத்துக்குக் கதை சொல்லப் போகிறவனுக்கு அமுதனின் வழிதான் தோது.

எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய சிவகாசியில், பெங்களூர்க்காரரான சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. 'குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிப்போம்' என்பது அன்றைக்கே சுவரில் எழுதி வெளிறிப்போன வாசகம். ஆனால் விடியுமுன் கிராமத்துக்குள் வந்து நிற்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பேருந்தும், அதில் தூக்கக் கலக்கத்தோடு ஏறும் பிள்ளைகளும் வாசகம் அல்ல. அந்தப் பேருந்துகளை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. பார்த்தும் அது படமாகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, வெளியூர்க்காரருக்குத் தோன்றியது. பழகிப்போன கண்ணின் கோளாறு அது. சத்திரப்பட்டித் தம்பிக்கும் அதுதான் நேர்ந்திருந்தது என்பது அன்றைக்கு மூன்றாவது டீயில்தான் தெரிந்தது.

"பாம்பு கடிச்சதை நீ நேர்ல பார்த்திருக்கியா?"

"எங்க சித்தப்பாவுக்கு, அண்ணாச்சி. செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்குப் போனவரு. ராத்திரி கால்ல கடிச்சிருச்சு. எங்கப்பாதான் தூக்கிட்டு வந்தாரு. தறியில கிடந்த துணியைக் கிழிச்சு, முழங்காலுக்குக் கீழ ரத்தம் கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். எனக்கும் அந்த இடத்தில்தான் பொறி தட்டியது.

சத்திரப்பட்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரும் சுற்றியிருக்கும் சமுசிகாபுரம், அய்யனாபுரம் போன்ற ஊர்களும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஊர்கள். தெருவில் நடந்தால் பேச்சுச் சத்தத்தைவிடத் தறிச் சத்தம்தான் கேட்கும். பஞ்சு மாதிரி இலேசாக, இழைக்கு இழை இடைவெளி விட்டு ஓடும் அந்தத் துணி, வெளுத்து, மடித்து, வெட்டி, நாட்டின் எந்தெந்த மூலைக்கோ போகிறது. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடும் துணியை நெய்து சாப்பிடும் ஊர். அந்த ஊர்க்காரர், தன் தம்பிக்கு, தான் நெய்த துணியாலேயே, போடக் கூடாத கட்டைப் போடுகிறார்.

"இதுதாண்டா உன் ஒன்லைன்" என்றேன். உலகத்துக்கே கட்டுத்துணி நெய்கிற ஒருவர், கட்டக் கூடாத இடத்தில் கட்டுகிறார். தலைப்பு எங்கேயும் கிடைக்கும். இந்த வரி சத்திரப்பட்டியில்தான் கிடைக்கும்.

ஏன் கட்டக் கூடாது என்பதை அடுத்து அவனே தெரிந்துகொண்டு வர வேண்டியிருந்தது. கதை கேட்கும் மேசையில் ஒரு மருத்துவர் உட்கார்ந்திருந்தால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். இறுக்கிக் கட்டினால் காலுக்கு இரத்தம் போகாமல் தசை அழுகத் தொடங்கும். விரியன் கடியில் ஏற்கெனவே வீங்கி நொந்து கிடக்கும் காலுக்கு அது இன்னொரு கேடு. கட்டுக்குக் கீழே விஷம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரமும் குறைந்துவிடும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலையை அரைத்துப் பூசுவது எதற்கும் விஷம் அசையாது. அதை முறிப்பது ஒரே ஒரு மருந்து, பாம்புக்கடி விஷமுறிவு ஊசி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதனால் அடித்த பாம்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தை எடுப்பவர்களும் நம்மவர்கள்தான்: சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதையும் படத்தில் சேர்க்கலாமா என்று தம்பி கேட்டான். சேர்க்காதே என்றேன். அருமையான செய்தி, அது இன்னொரு படம்.

எண்ணிக்கைக்கும் ஓர் இடம் உண்டு. படத்துக்குள் அல்ல, கதை சொல்லும் தாளில், ஒரே வரியாக. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. நான்கில் ஒருவருக்கு மேல் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். பெரும்பாலோர் கிராமத்தில், வீட்டில் இறந்தவர்கள். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். மருந்து இருந்தும், மருந்து இருக்கும் இடத்துக்கு வந்து சேராமல் இறந்தார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்ததும் இதற்காகத்தான். 'ஏன் இந்தப் படம், ஏன் இப்போது' என்று கேட்பவருக்கு இதைவிடத் தோதான பதில் இல்லை.

இங்கே ஒரு சங்கடம். நம் ஊரில் பாம்புக்கடி வைத்தியத்தை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சினிமாதான். கதாநாயகியின் காலில் பாம்பு கொத்தும், கதாநாயகன் வாய் வைத்து உறிஞ்சித் துப்புவான், அவள் கண் திறப்பாள், அடுத்தது பாட்டு. எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! 1979-இல் வந்த 'நீயா'வில் பாம்பு மனுஷி உருவெடுத்துப் பழிவாங்கக் கிளம்பியதை ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஐம்பது வருடமாகத் திரை சொல்லிக்கொடுத்த பாடத்தை, அதே திரையில், பத்து நிமிடத்தில் அழிக்கப் போகிறோம் என்பதை இந்தத் தம்பி உணர வேண்டும். அதை உணர்ந்தால் படத்தில் ஒரு பாம்பைக்கூடக் காட்டத் தோன்றாது. பாம்பு வந்துவிட்டால் பார்க்கிறவன் கண் பாம்பின் மேலேயே இருக்கும், காலில் விழுந்த கட்டின் மேல் இருக்காது. போதாததற்கு இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் உயிர்கள். யாரோ பிடித்துத் தரும் பாம்பை வைத்து ஷாட் எடுத்தால் படம் வருமுன் வழக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்ட பிறகு மலையடிவாரத்தில் வனத்துறையின் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. பாம்பே வராத பாம்புப் படம் என்று தாளில் எழுதச் சொன்னேன். கதை கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், செலவும் மிச்சம்.

இனி, யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி. "எல்லாரும்" என்பான். எல்லாரும் என்றால் யாருமில்லை என்று பொருள். இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி நான் எடுத்த குறும்படத்தை ஒரு பள்ளியில் திரையிட்டோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்த புதிது. மாடு ஒன்று கவரைத் தின்று துடிக்கும் காட்சியில் பிள்ளைகள் அழுதார்கள். முடிந்ததும் பலத்த கைதட்டல். அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். பால்கோவாவின் மேல் தப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே வருடம்தான். தப்பு படத்தின் மேல். கவர் வாங்குகிற பிள்ளைக்கு எடுத்தேனா, கவரில் போட்டுத் தரும் கடைக்காரருக்கு எடுத்தேனா என்பதை நான் முடிவுசெய்யவே இல்லை. 'மறுநாள் காலையில் இன்னார் இதைச் செய்ய வேண்டும்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அந்த மாடு செத்துப் பிழைத்திருக்க வேண்டியதில்லை.

தம்பியின் படத்தைப் பார்க்க வேண்டியவர் கடிபட்டவர் அல்ல, அவர் அந்த நேரம் படம் பார்த்ததை நினைத்துப் பார்க்கிற நிலையில் இருக்க மாட்டார். கூட இருக்கிறவர் பார்க்க வேண்டும். அண்ணன், பொண்டாட்டி, பக்கத்துத் தோப்புக்காரர். அவர் கை கயிற்றுக்கோ துணிக்கோ போகிற அந்த நொடியில் படம் நினைவுக்கு வர வேண்டும். செய்ய வேண்டியது இரண்டே: காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குப் போவது. ராஜபாளையத்திலும் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறது. போகும்முன் கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், வீங்கினால் அவையே கட்டாகிவிடும்.

கதை கேட்கும் மேசையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ராத்திரி டார்ச் இல்லாம நடக்காதீங்க, தரையில படுக்காதீங்க, வீட்டைச் சுத்தி விறகு அடுக்காதீங்க, அதையும் சேர்த்துக்கங்களேன் தம்பி." எல்லாம் சரியான அறிவுரை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாது என்பதும் உண்மை. ஆனாலும் "முடியாது சார்" என்று சொல்லப் பழக வேண்டும். ஒரு படம் ஒரு வேலைக்குத்தான் ஆகும். அஞ்சறைப் பெட்டியையே கவிழ்த்தால் ரசம் ஆகுமா?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். படத்தில் வில்லன் யார்? முதல் வடிவத்தில் தம்பி ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்திருந்தான். வேப்பிலை, உடுக்கை, சிவந்த கண். மூடநம்பிக்கையைச் சாடும் படம் என்றால் நமக்கு உடனே இப்படி ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். திரையில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். போகாதவர்கள் தங்களைக் கேலி செய்கிறார்கள் என்று எழுந்து போய்விடுவார்கள். யோசித்துப் பார்த்தால், பார்வை பார்க்கிறவரிடம் மக்கள் போவதற்குக் காரணம் மடமை மட்டுமல்ல. கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் பல் பதித்து விஷம் இறக்காமல் விட்டுவிடும். அப்படிப் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், எல்லாரும் அந்த வைத்தியருக்குச் சாட்சி. செத்தவன் வந்து சாட்சி சொல்ல முடியாது. ஆக மக்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார்கள், பாதியைத்தான் கண்டிருக்கிறார்கள். மீதிப் பாதியைக் காட்டுவதுதான் படத்தின் வேலை.

கட்டுப் போட்ட அப்பா வில்லனா? அவர் தன் தம்பியின் மேல் உயிரையே வைத்திருப்பவர். கையில் பலமெல்லாம் திரட்டி இறுக்குகிறார், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாசம். இந்தப் படத்தில் கெட்டவரே கிடையாது என்று முடிவானது. அது முடிவான கணமே கதையின் நிறம் மாறிவிட்டது.

அப்புறம் ஒரு பொருளைத் தேடினோம். படத்தைத் தாங்கும் பொருள். மருத்துவர் ஒருவரிடம் பேசிவிட்டு வந்த தம்பி சொன்னான்: கடிபட்டு வந்தவரின் இரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிடுவார்களாம். இருபதாவது நிமிடம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அசையாது. தண்ணீர்போல ஓடினால் விரியன் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம், ஊசி உடனே ஏற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் சோதனை செல்லாது, கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கடிகாரம் ஒன்று போதும்.

கேட்டதும் எனக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்தது. படம் முழுக்க அந்த இருபது நிமிடம்தான்! மேசை மேல் குழாய், சுவரில் கடிகாரம், பெஞ்சில் அண்ணன், கட்டிலில் தம்பி. நிஜ நேரத்திலேயே ஓடட்டும் என்றேன். "இருபது நிமிஷம் யாரு அண்ணாச்சி பார்ப்பா? எங்க ஊர்ல வாட்ஸ்அப்புல மூணு நிமிஷம் தாண்டினா தள்ளிவிட்டுருவாங்க" என்றான். நியாயம். ஏழு நிமிடமாகச் சுருக்கினோம், குழாய் மட்டும் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும்.

அவன் வைத்திருந்த முடிவு: குழாயைச் சாய்க்கிறார்கள், இரத்தம் உறைந்திருக்கிறது, அண்ணன் அழுகிறார், இருவரும் தோளில் கை போட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல கிளைமாக்ஸ்தான், ஆனால் ஆளைக் கொல்லும் கிளைமாக்ஸ். முதல் சோதனையில் உறைந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும், இரத்தம் ஒழுங்காக உறையும், கண்ணிமை மட்டும் மெல்லத் தொங்கும். ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். 'உறைந்துவிட்டது, கிளம்பலாம்' என்று படம் சொல்லி, அதைப் பார்த்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து எழுந்து போய்விட்டால்? பொழுதுபோக்குப் படத்தில் தப்பு வந்தால் கேலி செய்துவிட்டுப் போவார்கள். விழிப்புணர்வுப் படத்தில் வந்தால் அதை நம்பிவிடுவார்கள். அதனால்தான் கதைத் தாளின் அடியில் 'இன்ன துறை மருத்துவர் கதையைப் படித்துப் பார்த்தார்' என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் என்பேன். எத்தனை அலங்காரமான வசனத்தைவிடவும் அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

முடிவு இப்படி மாறியது: குழாயைச் சாய்க்கிறார்கள், இரத்தம் ஓடுகிறது. அண்ணனுக்கு அதன் அர்த்தம் தெரியாது. "ஓடுதே, நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்கிறார். செவிலியர் பதில் சொல்லாமல் ஊசி மருந்தை எடுக்கப் போகிறார். பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

கலைஞர் தொலைக்காட்சியில் 2009-இல் 'நாளைய இயக்குநர்' தொடங்கியபோது நலன் குமரசாமி, கார்த்திக் சுப்புராஜ் போன்றவர்கள் அதன் வழியாக வந்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்களுக்குக் குறும்படம் என்றால் கடைசியில் ஒரு திருப்பம் என்று ஆனது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். குற்றம் சொல்லவில்லை, அது பெரிய படத்துக்கு நுழைவுச் சீட்டு. விழிப்புணர்வுப் படத்தில் திருப்பம் வைத்தால் திருப்பம் மட்டும் நினைவிருக்கும். அதைவிட முந்தின தலைமுறையின் நோய் வேறு. 1948-இல் அமைந்த ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்கள் எல்லாத் திரையரங்கிலும் கட்டாயமாக ஓடின. ஓடும்போது நாங்கள் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்போம். இன்றைக்கு அந்த இடத்தில் புகையிலை எச்சரிக்கை ஓடுகிறது. அதில் முன்பு வந்த முகேஷ் என்ற இளைஞர் உண்மையான மனிதர், 24 வயதில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர். முதல் தடவை பார்த்தபோது அரங்கமே மௌனமானது. நூறாவது தடவையில் அவர் பெயரைச் சொல்லும்முன் பின்வரிசை சொல்லிவிட்டுச் சிரித்தது. எங்கே, எத்தனை தடவை, யார் கூட்டத்தில் காட்டப் போகிறோம் என்பதைக் கதை சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வருத்தமான சாட்சி இல்லை.

தம்பி எழுதினான்: தறிப்பட்டறையில் ஷிஃப்ட் மாறும் நேரம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் கூட்டம். கடைசியை அடிக்கச் சொன்னேன். தேர் இழுக்க வந்தவன் திரையைப் பார்ப்பானா, ஆண்டாளைப் பார்ப்பானா?

பணப் பேச்சு மிச்சமிருந்தது. இரண்டு நாள் படப்பிடிப்பு, நான்கு நடிகர்கள், ஒரு கேமரா, ஓர் அறை. போட்டிக்காரர்கள் தருவது பாதிக்குத்தான் வரும். மீதியை யாரிடம் கேட்பது? பேண்டேஜ் துணி உற்பத்தியாளர்களிடம் கேள் என்றேன் விளையாட்டாக. "கட்டாதேன்னு சொல்ற படத்துக்குக் கட்டு விக்கிறவங்க காசு குடுப்பாங்களா?" என்று சிரித்தான். இரண்டு நாள் கழித்துப் போனில் பேசும்போது அவனே வழி கண்டிருந்தான். அசையாமல் வைக்க வேண்டும் என்றால் காலோடு ஒரு மட்டையையோ கம்பையோ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்ற வேண்டும். அதே துணி, இறுக்கினால் கேடு, தளர்த்திச் சுற்றினால் முதலுதவி. "துணி வேண்டாம்னு நாம சொல்லல அண்ணாச்சி. இறுக்கம் வேண்டாம்னுதான் சொல்றோம்." படத்தின் பெயரும் அன்றைக்கே கிடைத்தது. 'தளர்வாக'.

கடைசியாக அவன் எழுதிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'பேண்டேஜ் துணி நெய்யும் ஒருவர், பாம்பு கடித்த தன் தம்பியின் காலைத் தன் துணியாலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார். ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் உறைகிறதா என்று காத்திருக்கும் இருபது நிமிடத்தில், தன் கை செய்தது என்ன என்று அவருக்குப் புரிகிறது. ஏழு நிமிடம். பாம்பு கிடையாது. கெட்டவர் கிடையாது. தறிப்பட்டறைகளில் ஷிஃப்ட் மாறும்போது திரையிடப்படும்.' கீழே எண்ணிக்கைக்கு ஒரு வரி, மருத்துவருக்கு ஒரு வரி, செலவுக்கு நாலு வரி.

போட்டிக்கு முந்தின நாள் இதை யாரிடமாவது சொல்லிப் பார் என்றேன். சினிமா தெரிந்தவரிடம் அல்ல. அவன் அம்மாவிடம் சொன்னான், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, சத்தத்துக்கு மேல் கத்தி. அம்மா அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாராம்.

"அப்ப கட்டக் கூடாதுங்கிற."

"ஆமாம்மா."

"சரி, தெரியாம யாரோ ஏற்கெனவே கட்டிட்டாங்க. நான் போய்ப் பார்க்கேன். அவுத்து விட்டுரணுமா?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ராத்திரியே மருத்துவரைக் கூப்பிட்டான். வழியில் அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாதாம். தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் பாயலாம். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவமனையில்தான் அவிழ்ப்பார்கள். கதையில் அண்ணன் மருத்துவமனை வாசலிலேயே, தப்பை உணர்ந்து, அழுதுகொண்டு கட்டை அவிழ்ப்பதாக ஒரு காட்சி இருந்தது. நாங்கள் இருவரும் மிகவும் ரசித்த காட்சி. அதைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே எழுதினான்: 'அண்ணன் முடிச்சின் மேல் கை வைக்கிறார். செவிலியர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.'